எட்டு லட்சம் கன அடியில் நனையாத குடோன்: 2023 யமுனை வெள்ளம், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் டெல்லியில் யமுனை ஏறிய நாட்களில், கஷ்மீரி கேட் பக்கம் தமிழர் ஒருவர் வைத்திருந்த மளிகைக் குடோனில் நடந்ததை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். பெயர்கள் எதுவும் போடவில்லை. யார் உயிருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஒரு பையன் காலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்தான், குடோன் சரக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போனது, அதற்குக் காரணமான முதல் முடிவு என் வாயிலிருந்து வந்தது. நான் அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். அலட்சியத்தால் நடந்த தப்பு என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பழைய வெள்ளங்களின் கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்து, யோசித்து, பொறுப்போடு செய்த தப்பு. அதனால்தான் ஆற்றோரம் கடையோ வீடோ வைத்திருக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி: கடை, குடோன், ஆடி மாசம்

கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எண்பதுகளில் சித்தப்பாவோடு டெல்லி வந்து, கரோல் பாகில் சின்னக் கடையாக ஆரம்பித்தவர். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார், நொய்டா என்று தமிழ்க் கடைகள் இருக்கும் இடங்களுக்கு இட்லி அரிசி, உளுந்து, வெல்லம், அப்பளம், காபித் தூள், ஊறுகாய், கேழ்வரகு மாவு எல்லாம் இவர்தான் மொத்தமாகப் போடுகிறார். லாரி ஆபீஸ்களும் பழைய டெல்லி ஸ்டேஷன் பார்சலும் பக்கம் என்பதால், ரிங் ரோடை ஒட்டி இறங்கும் ஒரு தாழ்வான சந்தில் தரைத்தளம் மட்டும் வாடகைக்கு எடுத்து குடோன் வைத்திருந்தார். தெருவிலிருந்து இரண்டு படி உயரம். உள்ளே பின்பக்கம் ஒரு மரப்பரண், அதில் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். சரக்கு இறக்க ஏற்ற, அந்தச் சந்திலேயே இருக்கும் பல்லேதார்கள்.

அந்த வருஷம் ஆடி முதல் தேதி ஜூலை 17, அன்றைக்கே அமாவாசையும். கூழ் ஊற்றுகிறவர்கள், தர்ப்பணத்துக்குச் சமைக்கிறவர்கள், அப்புறம் ஆடிப் பதினெட்டு, வரலட்சுமி விரதம் என்று வரிசையாக வருவதால், ஜூலை முதல் வாரத்திலேயே குடோன் கூரைவரை நிரம்பிவிட்டது. சாதாரண மாசத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு சரக்கு.

பின்னணி: ஆறும் அதன் எண்களும்

டெல்லியில் யமுனையின் மட்டத்தை லோஹே கா புல் என்று ஊரார் சொல்லும் பழைய ரயில்வே பாலத்தில் அளக்கிறார்கள். மேலே ரயில், கீழே வண்டி ஓடும் 1860களின் இரும்புப் பாலம், குடோனிலிருந்து நடந்து போகிற தூரம். எச்சரிக்கை அளவு 204.50 மீட்டர், அபாய அளவு 205.33, கரையோர மக்களை வெளியேற்றும் அளவு 206. எல்லாமே கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவது.

இன்னொரு எண் ஹத்னிகுண்டிலிருந்து வருவது. ஹரியானாவின் யமுனா நகர் மாவட்டத்தில், டெல்லிக்கு மேலே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் கதவணை அது. வழக்கமான நாளில் அங்கிருந்து ஆற்றில் விடுவது விநாடிக்கு 352 கன அடி. ஒரு லட்சத்தைத் தாண்டினால் டெல்லியில் வெள்ள எச்சரிக்கை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் பழக்கம். மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்று காலையில் பேப்பரில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திறப்பு கூடினால் பயம், குறைந்தால் நிம்மதி. ஆனால் மேட்டூர் 93 டி.எம்.சி. தேக்கும் அணை. ஹத்னிகுண்ட் முக்கொம்பு மாதிரி ஒரு கதவணை, தேக்கி வைக்க அங்கே இடமே கிடையாது, வெள்ளம் பெரிதானால் இரண்டு பக்கத்துக் கால்வாய்களையும் மூடிவிட்டு வருவதையெல்லாம் ஆற்றில்தான் விடுவார்கள். இந்த வித்தியாசம் எனக்கு ஏட்டளவில் தெரியும். முடிவெடுக்கும் நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 9, 10: மழை, பொய்யான தைரியம்

8ஆம் தேதி காலையிலிருந்து 9ஆம் தேதி காலைவரை டெல்லியில் 153 மில்லிமீட்டர் மழை. ஜூலை மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்தது 1982க்கு அப்புறம் அதுதான். மறுநாளும் நூறுக்கு மேல். இமாச்சலில் பியாஸ் கரையோரம் வீடுகளும் பாலங்களும் போய்க்கொண்டிருந்த அதே நாட்கள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. பையன்கள் வாசலில் மூட்டை போட்டு அடைத்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் வடிந்துவிட்டது. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் எல்லாருமே, இவ்வளவு மழைக்கே சாக்கடை வேலை செய்கிறது, இனிமேல் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம். ஆறு தாழ்வாக இருக்கும்வரைதான் சாக்கடை ஆற்றுக்குள் வடியும், ஆறு மேலே ஏறிவிட்டால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி நம்மிடம் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

திங்கள் மாலை ஆறு அபாய அளவைத் தாண்டியது, இரவில் 206ஐயும் தாண்டியது. அன்று மாலைதான் சேலத்திலிருந்து வெல்லம் லாரி வந்தது. திருப்பி அனுப்பலாமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை. இறக்கினோம்.

ஜூலை 11: முதல் முடிவு

செவ்வாய் காலை 11 மணி அளவில் ஹத்னிகுண்டில் 3.59 லட்சம் கன அடி என்று செய்தி. அண்ணாச்சி போன் பண்ணினார். "சார், சரக்க கரோல் பாகுக்கு ஏத்திருவமா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

நான் பார்த்தேன். பழைய வருஷங்களின் எண்களை ஒரு தாளில் எழுதினேன். 1978இல், அப்போது ஹத்னிகுண்டுக்கு முன்னால் இருந்த தாஜேவாலா கதவணை, 7 லட்சம் கன அடி, டெல்லியில் மட்டம் 207.49, அதுதான் அதுவரை உச்சம். 2010இல் 7.44 லட்சம், மட்டம் 207.11. 2013இல் 8.06 லட்சம், மட்டம் 207.32. 2019இல் 8.28 லட்சம், மட்டம் 206.60 மட்டுமே. குடோன் அந்தச் சந்தில் 2008லிருந்து இருக்கிறது. 2010இல் நனையவில்லை, 2013இல் நனையவில்லை, 2019இல் தெருமுனைகூட நனையவில்லை. எட்டு லட்சம் வந்தபோதே ஒன்றும் ஆகவில்லை, இப்போது வருவது அதில் பாதிகூட இல்லை. அண்ணாச்சியிடம் அப்படியேதான் சொன்னேன்.

மற்ற பக்கத்துக் காரணங்களும் இருந்தன, அவற்றையும் நேர்மையாக எழுத வேண்டும். கரோல் பாக் கடை மாடியில் பாதிச் சரக்குக்குத்தான் இடம். ஏற்றி இறக்குவதற்கு இரண்டு கூலி, மழையில் மூட்டை நனையும், ஆடி அமாவாசைக்கு ஆர்டர் போட்டவர்கள் புதன், வியாழனில் சரக்குக் கேட்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் கணக்குப்பிள்ளை ஒரு தாளைக் காட்டி ஒன்றும் ஆகாது என்று சொன்னால் யாருக்குத்தான் அதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றாது.

எடுத்த முடிவு இது: சரக்கை நகர்த்துவதில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று தரையில் மரப்பலகையை இரண்டு அடுக்கு போட்டு அதன்மேல் மூட்டை அட்டியை மாற்றி அடுக்குவது, பையன்கள் அங்கேயே தங்குவது. பையன்களும் பல்லேதார்களும் செவ்வாய் ராத்திரி ஒரு மணிவரை அந்த வேலையைச் செய்தார்கள். அவ்வளவு உழைப்பும் எதற்கானது என்று அப்புறம் பார்த்தபோதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 12: கை நழுவிய நாள்

புதன் மதியம் ஒரு மணி வாக்கில் ஆறு 1978இன் 207.49ஐத் தாண்டியது. 45 வருஷ உச்சம் உடைந்தது. என் தாளில் இருந்த கணக்கு அந்த நிமிஷமே செத்துவிட்டது. பழைய பாலத்தில் ரயிலை அதற்கு முந்தின நாளே நிறுத்தியிருந்தார்கள், அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

அண்ணாச்சி டெம்போ தேடினார். காலையில் சாதாரண வாடகைக்கு வந்திருப்பவர்கள் இப்போது மூன்று மடங்கு கேட்டார்கள், அதற்கும் வர ஆள் இல்லை, ரிங் ரோட்டில் அங்கங்கே வண்டிகளைத் திருப்பிவிட ஆரம்பித்திருந்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு டெம்போ. எதை ஏற்றுவது என்று கேட்டபோது நான் காபித் தூள், பெருங்காயம், ஏலக்காய், அப்புறம் பில் புத்தகம், ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று சொன்னேன். எடைக்கு விலை அதிகமான சரக்கும் காகிதமும். அந்த ஒரு முடிவு சரியானது.

அன்று பகலில் எல்லாரும் பேசிய முன்கணிப்பு, இரவில் மட்டம் 207.72 வரை போகும் என்பது. அதை வைத்து, தண்ணீர் தெருமுனைக்கு வரலாம், படி ஏறாது என்று மறுபடியும் ஒரு சமாதானம் செய்துகொண்டோம். இரவு 11 மணிக்குள் ஆறு 208ஐத் தாண்டிவிட்டது.

நாங்கள் எல்லாரும் ரிங் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம், ஆறு அந்தப் பக்கம்தானே. தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. மாலை ஆறரை மணிக்கு, மூத்த பையன் போன் செய்தான்: "சார், மழையே இல்ல, நடுச் சந்துல சாக்கடை மூடி துள்ளுது." மூடிகளின் ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்திருக்கிறது. ஒன்பது மணிக்கு முதல் படி. பத்தேகாலுக்கு இரண்டாவது படியின் விளிம்பு.

இரண்டாவது முடிவு: பிள்ளைகள் கிளம்பட்டும்

பையன்கள் மூட்டைகளைப் பரணில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். முடிந்தவரை காப்பாற்றிவிடலாம் என்று அவர்களாகவே முடிவு செய்த வேலை. ஸ்விட்ச் போர்டு இடுப்பு உயரத்தில் இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, காலுக்கடியில் தண்ணீர். அண்ணாச்சி இதைக் கேட்டதும் கத்திவிட்டார். "சரக்கு போனாப் போவுது. மெயினை ஆஃப் பண்ணிட்டு மூணு பேரும் வெளிய வாங்கலே. ஷட்டரக்கூட பூட்டாண்டாம்." அன்றைக்கு எடுத்த முடிவுகளிலேயே இதற்கு மட்டும்தான் யோசனையே தேவைப்படவில்லை, அதனால்தான் மூன்று பேரும் முழுசாக இருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். பரணில் உட்கார்ந்தால் போதும் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. ஒரே வாசல், ஜன்னல் இல்லாத குடோன் அது.

மோரி கேட் பக்கம் மேடு என்பதால் அந்தப் பக்கம் நடந்து, தெரிந்த லாரி ஆபீஸ் ஒன்றின் திண்ணையில் இரவைக் கழித்தார்கள். போகிற வழியில் கடைசிப் பையன் திரும்பி ஓடியிருக்கிறான். அவனுடைய பை பரணில் இருந்தது, அதில் ஆதார் அட்டையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும். பையை எடுத்துவிட்டான், ஆனால் தண்ணீருக்குள் தெரியாமல் கிடந்த உடைந்த ஓடு உள்ளங்காலைக் கிழித்தது. கிளம்புங்கள் என்று சொன்ன நாங்கள், பையை மத்தியானமே எடுத்து டெம்போவில் போடுங்கள் என்று சொல்லவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரை ஏற்றச் சொன்னேன், அந்தப் பிள்ளையின் மார்க் ஷீட் என் நினைவில் இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூலை 13: 208.66

வியாழன் மாலை ஆறு 208.66 மீட்டரைத் தொட்டது. 1978ஐ விட ஒரு மீட்டருக்கும் மேல். கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தைச் சுற்றி, யமுனா பஜார், நிகம்போத் காட் மயானம், மொனாஸ்டரி மார்க்கெட், செங்கோட்டைக்குப் பின்னால் போகும் ரிங் ரோடு எல்லாம் தண்ணீர். முகலாயர் காலத்தில் செங்கோட்டை மதிலுக்குக் கீழேயே ஓடிய ஆறு அது, பின்னால் கிழக்கே விலகிப் போனது, அன்றைக்கு மறுபடியும் மதிலடிக்கு வந்து நின்றது. எங்கள் சந்து எந்த நிலம் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட வேண்டிவந்தது. இந்திரபிரஸ்தா அருகே ஒரு நாலாவின், அதாவது பெரிய வடிகாலின், மதகு உடைந்து ஐ.டி.ஓ. சந்திப்பு, சுப்ரீம் கோர்ட் பக்கம் வரை தண்ணீர் போனது. டெல்லியில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாழ்வான இடங்களிலிருந்து வெளியேற்றினார்கள். மயூர் விஹார் பக்கம் கதர் என்று சொல்லும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் காய்கறி போடும் விவசாயிகள், நர்சரிக்காரர்கள், மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு சாலையோரத் தார்ப்பாய்க்கு வந்து பல நாள் கிடந்தார்கள். எங்கள் நஷ்டத்தைப் பற்றி எழுதும்போது இவர்களைச் சொல்லாமல் போகக் கூடாது, அவர்களுக்குக் காப்பீடும் கிடையாது, கரோல் பாகும் கிடையாது. மேலே யமுனா நகர், கர்னால், பானிபத் வயல்கள் மூழ்கின. கீழே ஆக்ராவில் சில நாள் கழித்து, 45 வருஷத்துக்கு அப்புறம் தாஜ்மஹாலின் வெளிச்சுவரை யமுனை தொட்டது.

ஜூலை 17: உள்ளே பார்த்தது

ஆடி பிறந்த அன்று, அமாவாசையன்று, அண்ணாச்சி காலையில் தர்ப்பணம் முடித்துவிட்டு வந்தார். நாங்கள் ஷட்டரைத் தூக்கினோம். சுவரில் தண்ணீர்க் கோடு தரையிலிருந்து மூன்றேமுக்கால் அடி. சேறு கணுக்கால் அளவு, நாற்றம் தாங்க முடியவில்லை.

தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இருந்த மூட்டைகளாவது பிழைத்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். பிழைக்கவில்லை. இதுதான் நான் எங்கேயும் படித்திராத விஷயம். நாங்கள் போட்ட மரப்பலகை தண்ணீரில் மிதக்கப் பார்த்திருக்கிறது, மேலே இருந்த பாரம் ஒரு பக்கம் சாய, அட்டி முழுசாகக் கவிழ்ந்திருக்கிறது. வெல்லம் அடுக்கியிருந்த இடத்தில் அடி மூட்டைகள் கரைந்து காலியாகி, மேல் மூட்டைகள் தானாகவே சரிந்து தண்ணீரில் விழுந்திருக்கின்றன. அரிசி மூட்டைகள் ஊதித் தையல் விட்டிருந்தன. செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்த ஊறுகாய் டப்பாக்கள் மட்டும் வைத்த இடத்தில் இருந்தன.

கழுவத் தண்ணீர் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தன, எங்கள் பகுதிக் குழாயில் அழுத்தம் வரவில்லை. நான்கு நாள் டேங்கருக்குக் காத்திருந்தோம்.

மூன்றாவது முடிவு: எதை எறிவது

செய்தி தெரிந்து இரண்டு வியாபாரிகள் வந்தார்கள். நனைந்த அரிசியையும் உளுந்தையும் காய வைத்து மாட்டுத் தீவனத்துக்கு என்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். சீல் உடையாத அப்பளக் கட்டுகளைத் துடைத்து விற்றுவிடலாம் என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் சொன்னார். அண்ணாச்சி யோசிக்க ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டார், ஏனென்றால் அது சின்னப் பணம் இல்லை. மறுநாள் காலையில் சொன்னார், சாக்கடைத் தண்ணீர் தொட்டது எதுவும் நம் கடையிலிருந்து போகாது, தீவனம் என்று வாங்குகிறவன் அதை மாவாக அரைத்து எங்கே விற்பான் என்று நமக்குத் தெரியாது. மூடி இறுகிய ஊறுகாய் டப்பாக்களைக்கூட எறிந்தார். எறிவதற்கு முன்னால் ஒவ்வொரு அட்டியையும் தேதியோடு படம் எடுத்தோம், மூட்டை எண்ணிக்கையை ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு எழுதினோம், காப்பீட்டு சர்வேயர் வந்து பார்க்கும்வரை நாற்றத்தோடு அப்படியே வைத்திருந்தோம். நூற்றுக்கு நூறு சரியான முடிவு. பணம் இருந்ததால் எடுத்த முடிவு இல்லை, அந்த வருஷம் அவர் மகளின் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்.

அப்புறம் நடந்தது

கடைசிப் பையனின் காலில் அன்று இரவே தண்ணீர் ஊற்றிக் கழுவித் துணி கட்டியதோடு விட்டுவிட்டார்கள். அவன் சொல்லவும் இல்லை. நான்காம் நாள் கால் முட்டிவரை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் ஊசி போட்டு, எலிக்காய்ச்சல் பரிசோதனையும் எடுத்தார்கள். அது இல்லை, தோலுக்கடியில் கிருமி பரவியிருந்தது. ஆறு நாள் உள்ளே இருந்தான். வெள்ளத் தண்ணீரில் காயத்தோடு நின்றவர்களுக்கு மறுநாளே டாக்டரைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று அங்கே இருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். பையன் ஊருக்குப் போனான், திரும்பி வரவில்லை. தென்காசியிலேயே ஒரு கடையில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான்.

காப்பீடு ஏழு மாதம் இழுத்து, நஷ்டத்தில் பாதிக்கும் குறைவாக வந்தது. நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருந்தது, ஆனால் தொகையை இரண்டு வருஷத்துக்கு முந்தின சாதாரண மாதச் சரக்கை வைத்துப் போட்டிருந்தோம். இருந்த சரக்கு அதைப் போல இரண்டு மடங்கு. அப்படிக் குறைத்துக் காப்பீடு செய்திருந்தால், நஷ்டத்தையும் அதே விகிதத்தில் வெட்டித்தான் கொடுப்பார்கள். நிறையப் பேர், பாலிசித் தொகை பத்து, நஷ்டம் எட்டு, ஆகவே எட்டும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். சரக்கு இருபதுக்கு இருந்தால் நான்குதான் கிடைக்கும். அதற்கு மேல், அழிந்த சரக்குக்கு ஏற்கனவே எடுத்திருந்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவையும், அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்டதையும், திருப்பிக் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது என் வேலை, முதலாவதில் தவறிவிட்டேன்.

ஜூலை கடைசி வாரத்துக்கு முன்னால் ஆறு மறுபடியும் அபாய அளவைத் தாண்டியது. அப்போது குடோன் காலியாகக் கிடந்தது.

பாதித் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு உயரம்

நடந்து முடிந்த பின் இதைத்தான் மாதக்கணக்கில் துருவினேன். கன அடி என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தண்ணீர் கடக்கிறது என்பது மட்டும்தான். அது எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, கீழே எந்த அகலத்தில் ஓட வேண்டியிருக்கிறது, கீழே ஏற்கனவே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இல்லை. 2023இல் ஹரியானாவிலும் டெல்லியிலும் அதே நாட்களில் பெருமழை, ஆற்றுப் படுகை முன்பே நிறைந்திருந்தது. வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டரில் இருபதுக்கும் மேற்பட்ட பாலங்களும் கதவணைகளும், ஒவ்வொன்றும் ஆற்றைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது, நடுவில் மணல் திட்டு ஏறிப் படுகையே உயர்ந்திருக்கிறது. கதர் நிலத்தில் கட்டடங்கள். ஐ.டி.ஓ. கதவணையின் 32 கதவுகளில் 5 கதவுகள் வண்டலில் சிக்கித் திறக்கவில்லை, படையினர் வந்து இறங்கித்தான் முதல் கதவைத் திறக்க முடிந்தது. ஹத்னிகுண்டிலிருந்து தண்ணீர் டெல்லிக்கு வர வழக்கமாக எடுக்கும் நேரமும் அந்த முறை குறைந்துவிட்டது.

என் தாளிலேயே இதற்கு அடையாளம் இருந்தது. 2010இல் 7.44 லட்சத்துக்கு 207.11. 2019இல் அதைவிட அதிகமான 8.28 லட்சத்துக்கு வெறும் 206.60. கன அடி கூடியபோது மட்டம் குறைந்திருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டுக்கும் நேர்கோட்டு உறவு இல்லை என்று அங்கேயே நின்றிருக்க வேண்டும். எனக்கு வேண்டிய வரியை மட்டும் படித்தேன்.

மாற்றியது

இப்போது அண்ணாச்சி கடையில் ஹத்னிகுண்ட் எண்ணை வைத்து யாரும் அளவு பேசுவதில்லை, அது நேரத்துக்கான மணி மட்டும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் டெம்போக்காரருக்குப் போன், வருகிற லாரியைக் கரோல் பாகுக்குத் திருப்பு. முடிவு பழைய பாலத்தின் மட்டத்தை வைத்து: 205.33 வந்தால் விலை உயர்ந்த சரக்கும் பையன்களின் பைகளும் போகும், 206 வந்தால் மீதி எல்லாம் போகும், அப்புறம் குடோனில் யாரும் தூங்குவதில்லை. உண்மையில் இப்போது எப்போதுமே யாரும் தூங்குவதில்லை, பையன்களுக்கு மாடியில் தனியாக அறை எடுத்தாகிவிட்டது. மரப்பலகைக்குப் பதில் சுவரோடு முடுக்கிய இரும்புத் தட்டு. ஸ்விட்ச் போர்டு தலைக்கு மேல். காப்பீட்டுத் தொகை ஆண்டின் உச்ச மாதச் சரக்குக்கு. குடோனையே மாற்றிவிட வேண்டும் என்று நான் சொன்னேன், இன்னும் சொல்கிறேன், லாரி ஆபீஸ் பக்கத்தில் அந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று ஹத்னிகுண்டில் 3.29 லட்சம் கன அடி. நான் தாளை எடுக்கவில்லை. 2ஆம் தேதி ஆறு 206ஐத் தாண்டிய அன்றே நான்கு டெம்போ, எட்டுப் பல்லேதார், இரவு பத்துக்குள் குடோன் காலி. 4ஆம் தேதி காலை மட்டம் 207.48, பழைய 1978 உச்சத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. மொனாஸ்டரி மார்க்கெட்டும் யமுனா பஜாரும் மறுபடியும் மூழ்கின. எங்கள் சந்தில் சாக்கடை மூடி வழியாகக் கணுக்கால் தண்ணீர் வந்தது, முதல் படியைத் தொடவில்லை.

அண்ணாச்சியின் மகன், இப்போது அவன்தான் பாதி வியாபாரம் பார்க்கிறான், கூலிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்பா, நனையவே இல்லையே, நாளைக்கே திரும்பக் கொண்டாந்துருவமா?" என்று கேட்டான். அண்ணாச்சி பல்லேதார்களுக்கு எண்ணிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பாலத்துல 205க்குக் கீழ வரட்டும்டே" என்றார்.